நான்கு நல்ல டயர்கள்

ஆண்டுக்கொரு முறை என் ஸ்கூட்டரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன். ஒரு பையன் வந்து புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகுகிறான். கணினி ஏதோ கணக்குப் பார்க்கிறது, ஒரு தாள் வெளியே வருகிறது. யாரும் யாரையும் ஏமாற்ற வழியில்லை. எனக்கு அது சப்பென்று இருக்கும். நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் வாகனப் பரிசோதனை ஒரு சின்னத் திருவிழா மாதிரி நடந்தது. அதில் ஏமாற்றாதவர் எவரும் இல்லை. பத்து வயதில் நானும் ஏமாற்றினேன்.

அப்போது சண்டைக்காலம். சாம்பல்தீவில் எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள் இருந்தன. இரண்டில்தான் ஆட்கள். மற்ற ஏழும் பூட்டிக் கிடந்தன. அந்த வீட்டுச் சனம் அகதி முகாமுக்கும், வள்ளமேறி இந்தியாவுக்கும் போய்விட்டது. என்னோடு ஒளித்துப் பிடித்து விளையாடிய பிள்ளைகள் எல்லோரும் அந்த ஏழு வீட்டுப் பிள்ளைகள்தாம். அம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா நிலாவெளிக்கும் திருகோணமலைப் பட்டினத்துக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஒரு பழைய டீசல் வான் ஓட்டினார். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். சோதனைச் சாவடியில் மறித்தால் அதுவும் இல்லை.

இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்து, குசினியில் மூடி வைத்திருக்கும் சோற்றைத் தனியே தின்பேன். பிறகு ஒழுங்கைக்கு இறங்குவேன். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையாகப் போய் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவள் இல்லையென்று நானே பதிலும் சொல்லிவிட்டு அடுத்த படலைக்குப் போவேன். ஏழு படலையும் முடிந்தால் வாசற்படியில் குந்தியிருந்து வான் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். ஆள் இருந்த மற்ற வீட்டு மாமி நல்லவர், எட்டிப் பார்ப்பார். ஆனால் அவருக்கு நெஞ்சு வருத்தம், வியாழனுக்கு வியாழன் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் வானில் போய் வருவார், வந்த களைப்பில் படுத்துவிடுவார். அப்பாவும் அப்படித்தான். சாப்பிட்ட கை காயுமுன் நித்திரையாகிவிடுவார். அவர் வந்த பிறகும் வீடு வெறுமையாகவே இருந்தது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இனி அந்தப் பரிசோதனை. ஓடத் தகுதியான வாகனம் என்று ஒரு கடதாசி வேண்டும். அது இல்லாவிட்டால் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பரிசோதகர் வியாழக்கிழமைகளில் துறைமுகப் பக்கத்து மைதானம் ஒன்றுக்கு வருவார். அவர் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு, டயரும் புகையும். நல்ல டயர் அந்த நாட்களில் குதிரைக்கொம்பு. எங்கள் பக்கத்து வான்காரர் எல்லோருக்கும் சேர்த்து நான்கே நான்கு நல்ல டயர்கள் இருந்தன. அவை வான் திருத்தும் சித்தப்பாவின் கராச்சில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும். யாருக்குப் பரிசோதனையோ அவருடைய வானில் அன்றைக்கு ஏறும், மைதானத்துக்குப் போய் வரும், திரும்ப இறங்கிச் சாக்குக்குள் படுத்துவிடும். இதற்கு ‘டயர் முறை’ என்று பெயர். கோயில் பூசை முறையைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், டயர் முறையை விடமாட்டார்கள். ஒருமுறை பரிசோதகரே டயரைக் காலால் தட்டி, சுகமாக இருக்கிறாயா என்று விசாரித்ததாகச் சித்தப்பா சொல்வார். சித்தப்பா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பார் அப்பா. எந்தப் பாதியை என்று சொல்லவில்லை.

புகைக்கும் சித்தப்பாவிடம் வைத்தியம் இருந்தது. டீசல் பம்பில் ஒரு திருகாணி இருக்கிறது. அதைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் எஞ்சினுக்கு எண்ணெய் குறையும், புகையும் குறையும். இழுவையும் குறையும்தான், ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டி வரும். அதனால் மைதானத்துக்குப் போகுமுன் இறுக்குவது, கடதாசி கிடைத்ததும் தளர்த்துவது. எங்கள் முறை வந்தபோது, முதல் நாள் பின்னேரம் எங்கள் முற்றத்தில் வைத்தே டயர் மாற்றித் திருகாணியையும் இறுக்கினார். நான் பக்கத்தில் நின்று, புகை கூடினால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். வான் வீட்டில் நிற்க வேண்டியதுதான், அடுத்த பரிசோதனை வரைக்கும் அப்பாவுக்கு லீவு என்றார். புகை ஏன் கூடுகிறது என்று கேட்டேன். வித்தை தெரிந்தவனுக்குக் கேட்க ஆள் கிடைத்தால் விடுவானா? முன் சீட்டைத் தூக்கி, காற்று உள்ளே போகும் குழாயின் வாயைக் காட்டினார்.

“எஞ்சினுக்கும் மூச்சு வேணும், பிள்ளை. இந்த வாயை அடைச்சா அது கறுப்பாத்தான் துப்பும்.”

அவர் போன பிறகு அப்பா கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். அம்மா எனக்குத் தைத்த மஞ்சள் பூச்சட்டை ஒன்று அளவில்லாமல் போய்த் துடைக்கிற துணியாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டைக் கிழித்தேன். முன் சீட்டைத் தோளால் முட்டித் தூக்கி, அந்த வாய்க்குள் அடைத்தேன். முழுக்க அடைத்தால் வான் செத்துவிடும் என்று பயந்து ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டேன். சீட்டை இறக்கி மூடினேன். மனதில் பயத்தைவிட ஆசைதான் இருந்தது. அப்பா ஒரு கிழமை, ஏழு நாளும், வீட்டில் இருப்பார். எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் பூட்டு. அந்த வருடங்களில் காரணம் கேட்பதில்லை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் வான் முக்கி முனகியது. திருகாணி இறுக்கினால் அப்படித்தான் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சித்தப்பா மைதானத்தில் காத்து நின்றார். பரிசோதகர் டயர்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைப் புகைக்குழாயருகில் பிடித்துக்கொண்டு, மிதிக்கச் சொன்னார். அப்பா மிதித்தார். தாள் மட்டுமல்ல, பரிசோதகரின் கையும் கறுத்துப் போனது. கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே கோபமில்லாமல் சொன்னார்.

“ஏலாது ஐயா. திருத்திக்கொண்டு வாங்க.”

சித்தப்பா ஓடி வந்தார். அவர் பரிசோதகருக்குப் பின்னால் போய் ஏதோ மன்றாடிக்கொண்டிருக்க, அப்பா என்னை இறக்கி வேப்பமர நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு முன் சீட்டைத் தூக்கினார். நான் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்ப்பது போல நின்றேன். கொஞ்ச நேரத்தில் சீட்டு மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா கை துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஏறச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நான் அந்தக் குழாய் வாயைப் போய்ப் பார்த்தேன். துணியைக் காணவில்லை. எஞ்சின் அதைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினேன். அவ்வளவு கறுப்பாகத் துப்பியது வேறெப்படி?

அந்தக் கிழமை அப்பா என்னுடையவராக இருந்தார். பகலில் நான் வரும்போது குசினியில் புகை எழும். இருவரும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். பின்னேரங்களில் களப்புக்குப் போய் வீச்சுவலை போட்டார், நான் கூடையைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் கதைத்தேன். இரண்டு வருடக் கதை கைவசம் இருந்தது. அம்மா பேசி அனுப்பிய கசெட்டை ரேடியோவில் போட்டுக் கேட்டோம். அம்மாவின் குரல் அவருடைய பெயரைச் சொல்லும் இடம் வந்ததும், ஆடு கத்துகிறது என்று எழுந்து வெளியே போய்விட்டார். எங்களிடம் ஆடு இல்லை.

வியாழன் வந்தது. வான் போகவில்லை. டயர் முறை இன்னும் வரவில்லையாம், வேறு யாருக்கோ போய்விட்டதாம். எனக்கு ஒரே புளுகம், துள்ளிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அன்று காலையில் மாமி குடையை ஊன்றிக்கொண்டு, பெரிய வீதியில் பஸ் பிடிக்கத் தனியே நடந்து போவதைப் பார்த்தேன். ஏழாவது படலையடியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறினார். வான் நின்றது என்னால்தான். அன்றிரவு சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று, அப்பா, அந்த வானுக்குள்ளே, என்று தொடங்கினேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

“வானுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை. டயர் முறை வந்தாப் போவன். நீ சாப்பிடு.”

அடுத்த வியாழன் டயர் வந்தது, கடதாசியும் கிடைத்தது.

அப்பா போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. சித்தப்பா இன்னும் கராச்சில்தான் இருக்கிறார். போன மாதம் ஸ்கூட்டரின் புகைத் தாளைக் காட்டி, இப்போதெல்லாம் டயர் முறை தேவையில்லை என்று சிரித்தேன். பழைய பாவத்தையும் அப்போதே ஒப்புக்கொண்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அது எனக்குத் தெரியும். மைதானத்திலயே உன்ர கொப்பர் அந்த மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினவர். பிள்ளைக்குச் சொல்லாதை எண்டவர்.”

பிறகு, கையில் இருந்த திருகுசாவியைக் கீழே வைத்துவிட்டு மற்றதையும் சொன்னார். முதல் கிழமை, அடுத்த வியாழன்வரை பரிசோதகர் வராததால் வான் நின்றது. இரண்டாம் கிழமை டயர்கள் கராச்சில் சும்மாதான் கிடந்தன. முறையும் எங்களுடையதுதான்.

“நான் கொண்டுவாறன் எண்டன். வேண்டாமடா, இன்னுமொரு கிழமை கிடக்கட்டும், பிள்ளை இப்பதான் கதைக்கத் தொடங்கியிருக்கு எண்டு அண்ணை சொல்லிப்போட்டார்.”

கடதாசி கிடைத்த மறுநாள் காலை நினைவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் மருந்து மாற்ற வெள்ளிக்கிழமையும் வரச் சொல்லியிருந்ததால் மாமி முன் சீட்டில் ஏறியிருந்தார். அப்பா வழக்கமில்லாத வழக்கமாக இரண்டு முறை ஹோன் அடித்து, என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வானை எடுத்தார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு கை காட்டினேன். பாவம் அப்பா, ஒன்றும் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.