தவளைக்கல்

மழைக்காலத்தில் பழனியில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் மக்கிய பூண்டுத்தாள் வாடை அடிக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் வடகவுஞ்சிக்கு மேலே, இன்று தடுப்பணைத் தண்ணீருக்குள் கிடக்கும் எங்கள் பூண்டுத் தோட்டத்து வீட்டுக்கு நினைப்பில் போய்விடுவேன்.

இரண்டு ஓடைகள் அந்த வீட்டை இருபுறமும் வளைத்து, படுத்தால் ஒரு காதுக்கு ஒன்றாக இரைந்து, கீழே ஒன்றுசேர்ந்து ஆறாக மலையிறங்கி, அடிவாரத்துப் பெரிய ஏரியை நிரப்பின. அந்த ஏரித் தண்ணீரைத்தான் அம்மா பிறந்த பழனி குடித்தது. தண்ணீர் தினமும் போன ஊருக்கு அம்மாவால் நினைத்தபோது போக முடியாது. மழை பிடித்தால் ஓடை நடுவில் நாங்கள் கால்வைத்துத் தாண்டும் தவளைக்கல் மூழ்கிவிடும். அது மறுபடி தெரியும்வரை யாரும் கடக்க வழியில்லை.

அப்பாவோடு பெரிய சண்டை நடந்த ஐப்பசியில், அம்மா துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, தினமும் வெள்ளனே என்னைக் கல்லைப் பார்த்துவர அனுப்பினாள். மூட்டையில் என் பாவாடை ஒன்றுகூட இல்லை. கரைப்பாதையிலும் தண்ணீர் ஏறியிருந்ததால் முழங்கால்வரை நனைந்து திரும்புவேன்.

"கல்லு தெரியுதா புள்ள?"

"தெரியலம்மா."

ஆறாம் நாள் பாதை வடிந்து, கல் முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் கிடந்தது.

அன்றும் "தெரியலம்மா" என்றேன்.

அம்மா, காய்ந்திருந்த என் கால்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, அடுப்பப் பத்த வை" என்று சொல்லிவிட்டு, மூட்டையை அவிழ்க்க உட்கார்ந்தாள்.