மாரியாத்தாளின் நிறுத்து பட்டன்

மாரியாத்தாள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கிணத்துக்கடவுப் பக்கம் தக்காளிக் காட்டுக்கு அப்பனும் ஆத்தாளும் கூலிக்குப் போக, அவளும் கூடவே போனாள். கல்யாணமாகிச் சிங்காநல்லூருக்கு வந்த பிறகு பம்புசெட்டு கம்பெனி ஒன்றில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். பெருக்கிக்கொண்டே பார்த்தாள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். இருபத்திரண்டு வருசமாக டெஸ்டிங் மேசை அவளுடையது.

பூட்டி முடித்த மோட்டாரில் மெக்கர் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் மாட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் வேலை. உள்ளே சுற்றிய கம்பியிலிருந்து கரண்ட் மேல்கூட்டுக்குக் கசிகிறதா என்று மீட்டர் சொல்லிவிடும். கசிகிற மோட்டார் கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது. ஈரக் காலோடு வாய்க்காலில் நின்று மோட்டாரைத் தொடுகிறவர்கள் யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் பிறந்த வீட்டு ஆட்களேதான்.

சரியாக இருக்கிற மோட்டாரின் ஒயர்ப்பெட்டி மூடிக்குள் ஒரு பொட்டுக் குங்குமம் வைப்பாள். செவ்வாய்தோறும் மாரியம்மன் கோயிலில் வாங்கிக் காகிதத்தில் மடித்து வருகிற குங்குமம். வைக்கும்போது, “ஆத்தா, இதைத் தொடறவங்க பத்திரம்” என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். லாரியில் ஏற்றுகிற ஆட்கள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். பொட்டு இல்லாத மோட்டாரை ஒருவரும் தூக்க மாட்டார்கள். முதலாளி வேங்கடசாமியே சொன்னாலும் தூக்க மாட்டார்கள்.

பெரியவர் வேங்கடசாமிக்கு முழங்கால் வலி வந்து வீட்டோடு இருந்துவிட, மகன் யஷ்வந்த் பொறுப்பெடுத்தான். பிரத்யுஷா என்ற பெண்ணை வைத்து ஓர் ஆப் செய்தான். பக்கம் பக்கமாகப் புரோகிராம் எழுதுகிற வேலை இல்லை. திரையில் கட்டங்களை இழுத்து இழுத்து வைத்து, இன்னார் இன்னதைச் செய்யலாம் என்று குறித்துவிட்டால் போதும், ஆப் தயார். பத்து நாளில் முடித்துக் கொடுத்தாள்.

ஆயுத பூசை அன்று அதைத் தொடங்கினார்கள். பெரியவர் காரில் வந்து இறங்கி, “மாரியாத்தா கையில தொடங்குங்கப்பா. ராசியான கை” என்றார். புது லேத் வந்தாலும் ஓவன் வந்தாலும் முதல் சுவிட்சு அவள்தான் போடுவாள், அது அந்தக் கம்பெனி வழக்கம். ஆப் ஓடுகிற சிலேட்டு மாதிரியான டேபுக்குச் சந்தனம் வைத்து, முதல் ஆளாக அவள் பேரைப் பதிந்தார்கள். நாலு எண் ரகசிய நம்பரை அவளே அமுக்கினாள். எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் கிடைத்தது.

மறுநாளிலிருந்து குங்குமம் கூடாது என்றான் யஷ்வந்த். அவள் மேசை டேபில் மீட்டர் காட்டுகிற எண்ணைப் போட ஒரு கட்டம் மட்டும் இருந்தது. ‘சரி’, ‘நிறுத்து’ என்ற இரண்டு பட்டனும் சூப்பர்வைசர் லட்சுமிநாராயணன் மேசை டேபில்தான்.

“ஏனுங்க சார், நிறுத்தற பட்டன் எனக்கு வேண்டாமுங்களா?” என்று கேட்டாள்.

லட்சுமிநாராயணன் சிரித்தார். “நீ நம்பரைப் போடு, போதும். பொட்டு வெச்சு அனுப்பறதுக்கு இதென்ன பொண்ணு பாக்கற ஊடா?”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் அடிக்கடி போனதில் ஓவன் பாதியில் நின்று, கம்பிச் சுற்றில் அடித்த வார்னிஷ் காயவில்லை. ஒரு புதன்கிழமை இருபத்தாறு மோட்டார்களைச் சோதித்தாள். பத்து காட்ட வேண்டிய மீட்டர் எதிலும் இரண்டைத் தாண்டவில்லை. உள்ளதை உள்ளபடி போட்டாள்.

வியாழக்கிழமை காலை வந்து பார்த்தால், அந்த இருபத்தாறும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. காங்கேயம் போகிற லாரி வாசலில் நின்றது. ஒட்டாமல் இருந்த பெட்டியிலிருந்து சோதனைச் சீட்டை எடுத்தாள். ஊர்ப்புறத்து டீலர்களுக்காகத் தமிழில் அச்சாகிற சீட்டு அது. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

முடிவு: சரி. சோதித்தவர்: மாரியாத்தாள்.

இருபத்திரண்டு வருசத்தில் அவள் பேர் சொல்லி ஒரு கெட்ட மோட்டார் வெளியே போனதில்லை.

அன்று பிரத்யுஷா ஆப்பைச் சரிபார்க்க வந்திருந்தாள். மாரியாத்தாள் சீட்டோடு அவள் முன்னால் போய் நின்றாள்.

“அம்மணி, இந்தப் பேரு யாரு போட்டது?”

“அது தானா வருதுங்க அக்கா. நீங்கதான நம்பர் போடறீங்க?”

“நம்பரு என்னுது. ‘சரி’ என்னுது இல்லையே கண்ணு. எனக்கு நிறுத்தற அதிகாரம் இல்லைங்கறாங்க. அப்புறம் எம் பேரு எதுக்கு?”

பிரத்யுஷா மடிக்கணினியைத் திறந்து ஆட்கள் பட்டியலைப் பார்த்தாள். பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்களுக்கு எல்லா அதிகாரமும் இருக்குங்க. இந்த ஆப்ல முதல்ல பேரைப் பதியறவங்களுக்கு அது தானா வந்துரும். பூசை அன்னைக்கு நீங்கதான முதல்ல பதிஞ்சீங்க? உங்க மேசையில பட்டனை மறைச்சு மட்டும் வெச்சிருக்கேன். பூட்டல. உங்க நம்பரைப் போட்டு சூப்பர்வைசர் மேசையில திறந்தா எல்லாமே வேலை செய்யும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “தப்பு என்னுதுங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் எதுக்கு ஒளிச்சுச் செய்யோணும்?” என்றாள் மாரியாத்தாள்.

நேராக சூப்பர்வைசர் மேசைக்குப் போனாள். எல்லோரும் பார்க்க, தன் நாலு எண்ணை அமுக்கினாள். பட்டியல் திறந்தது. அம்மனை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ‘நிறுத்து’ என்று தட்டினாள். பச்சையில் இருந்த ‘சரி’ ஒவ்வொன்றும் சிவப்பானது. இருபத்தாறாவதைத் தட்டி முடிக்கும்வரை லட்சுமிநாராயணன் வாயைத் திறந்தபடி நின்றார். எல்லாம் சிவப்பானதால் வண்டியை அனுப்புகிற லாரிச் சீட்டு அச்சாகவில்லை.

யஷ்வந்த் மாடியிலிருந்து இறங்கி வந்தான். “யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“மீட்டரைக் கேட்டுத்தானுங்க சார்.”

“உங்க வேலை நம்பர் போடறதோட முடிஞ்சுது. டீலருக்கு இன்னைக்கு வண்டி போயாகணும். அங்க ரெண்டு நாள் வெயில்ல வெச்சா காஞ்சுரும்.”

“மழை பேயுதுங்க சார்.”

யாரோ பின்னால் கனைத்தார்கள். யஷ்வந்த் முகம் சிவந்து பிரத்யுஷா பக்கம் திரும்பினான். “இவங்க அதிகாரத்தை இப்பவே எடுங்க.”

“தாராளமா எடுங்க அம்மணி,” என்றாள் மாரியாத்தாள். குரல் உயரவில்லை. “கூடவே எம் பேரையும் எடுத்துப்போடுங்க. நிறுத்த முடியாதவ பேரு அந்தச் சீட்டுல இருக்கக் கூடாது. இதுல கை வெச்சு ஒரு உசுரு போச்சுன்னா, அந்த ஊட்டுக்காரங்க வாசிக்கறது எம் பேரைத்தானுங்களே?”

பிரத்யுஷா இரண்டையும் எடுத்தாள். ‘சோதித்தவர்’ என்ற கட்டம் காலியாகி, ஓரம் சிவந்தது. “சார், நிறுத்தினதுக்கெல்லாம் புதுச் சீட்டு அடிக்கணும், இதுல ஒரு பேரு வேணுங்க. காலியா இருந்தா சீட்டு வராது. நீங்கதான் அப்படி வைக்கச் சொன்னீங்க.”

“லட்சுமிநாராயணன், உங்க பேரைப் போடுங்க.”

லட்சுமிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் மெக்கரைத் தொடவே இல்லைங்க சார்.”

“பச்சை போட்டது நீங்கதானுங்களே?” என்றாள் மாரியாத்தாள். “பட்டன் வேணும், பேரு வேண்டாமாக்கும்? அப்பப் பொண்ணு பாக்க வந்தது நீங்கதானுங்க. புடிச்சுப்போச்சுன்னும் சொல்லிப்போட்டீங்க. இப்பத் தாலி கட்டச் சொன்னா கண்ணாடி தொடைக்கறீங்களே!”

ஏற்றுகிற ஆட்கள் வாய்விட்டே சிரித்தார்கள். யஷ்வந்த் டேபை வாங்கிக் கட்டத்தில் விரல் வைத்தான். ‘யஷ்’ வரைக்கும் அடித்தான். மழை தகரத்தில் கொட்டியது. அடித்ததை அழித்துவிட்டு டேபை மேசையில் வைத்தான்.

“பெட்டியில இருந்து எடுத்து ஓவன்ல போடுங்க,” என்று ஆட்களிடம் சொன்னான். பிறகு அவளைப் பார்க்காமல், “மத்ததைத் திங்கக்கிழமை பேசிக்கலாம்” என்றான்.

“பேசலாமுங்க சார். பட்டன் இருந்தா வேலைக்கு வாரேன். இல்லீன்னா பெருக்கறதுக்கு வாரேன், வெளக்கமாத்துக்குப் பேரு போட வேண்டியதில்லை.”

திங்கட்கிழமை அவள் எப்போதும்போல எட்டு மணிக்கு வந்தாள். நெற்றியில் திருநீறு. சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, முதலில் தன் மேசை டேபைத் திறந்து பார்த்தாள். ‘நிறுத்து’ இருந்தது. அவள் நிறுத்தியதை அவளே மறுபடி சோதித்தால்தான் விடுவிக்க முடியும், முதலாளி நம்பருக்குக்கூட முடியாது என்று பிரத்யுஷா பூட்டியிருந்தாள். யஷ்வந்த் மாடியிலிருந்து பார்த்தான், எடுக்கச் சொல்லவில்லை.

பையை வைத்துவிட்டு, ஓவனிலிருந்து வந்திருந்த முதல் மோட்டாரில் ஒயரை மாட்டினாள். மீட்டர் பதினெட்டு காட்டியது. எண்ணைப் போட்டாள். பிறகு இடுப்பிலிருந்து காகித மடிப்பை எடுத்து, எல்லோரும் பார்க்க, மூடிக்குள் ஒரு பொட்டு வைத்தாள்.