உள்ளே: ஒருவர்

நான் அனிதா. பெரம்பலூர்ல ஒரு மாடி ரூம்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் வச்சிருக்கேன். எந்த ஆபீசுக்குப் போனாலும் "சார் வரலீங்களா?"னு கேப்பாங்க. "நாந்தாங்க அந்த சாரு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவேன். பதினஞ்சு வருசமா இதே கேள்வி, இதே எரிச்சல். அத விடுங்க. நான் சொல்ல வந்தது பூங்காவனம் அக்காவைப் பத்தி.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஃபேக்டரி. பேரு வேண்டாம், எனக்கு அங்க இன்னும் வேலை இருக்கு. சுண்ணாம்புக்கல் ஏத்திட்டு வர்ற லாரி டிரைவருங்க கேட்ல அட்டை நம்பரைச் சொல்லணும். கேட் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கிற பூங்காவனம் அக்கா அந்த நம்பரைத் தட்டினா, டிரைவரோட போட்டோவும் அவரு வந்துபோன பதிவும் திரையில வரும். உள்ள போறப்ப ஒரு தடவை, வெளிய வர்றப்ப ஒரு தடவை கட்டைவிரல் வைக்கணும். இவ்வளவுதான் வேலை.

பதிவு வர்றதுக்குக் கண்ணை மூடித் திறக்கிற நேரம் போதும். ஆனா சில நாள்ல அதே கம்ப்யூட்டரு, அதே கேள்விக்கு ஒன்றரை நிமிசம் எடுத்துக்கும். அன்னிக்கு லாரிங்க மெயின் ரோடு வரைக்கும் நிக்கும். ஆரன் அடிச்சே ஊரைக் கூட்டிடுவானுங்க.

"எப்ப ஆரம்பிச்சாலும் அந்தம்மா காலை ஷிஃப்ட்லதான் மேடம் ஆரம்பிக்குது. அப்புறம் அன்னிக்குப் பூரா அப்படியேதான். என்னத்தையோ தட்டிக் கெடுத்து வைக்குது. மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா ஆளை மாத்திடுவேன்"னாரு மேனேஜர் அருள்முருகன். பொம்பளை உக்காந்திருந்தா கோளாறுக்கு வேற காரணம் தேடவே வேண்டாம் பாருங்க!

தினம் காலைல அஞ்சரைக்கு லாரிங்க நிக்கிற யார்டைக் காலி பண்ணிட்டு, கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுவாங்க. முத நாள் நான் போனப்ப யார்டுல ஒரு வண்டி இல்ல, ஒரு ஆள் இல்ல. திரை மூலையில மட்டும் 'உள்ளே: 1'னு இருந்துச்சு.

"யாருங்க அது உள்ள?"னு வாட்ச்மேனைக் கேட்டேன்.

"அது எப்பவும் இருக்கும் மேடம். ஒருத்தரு இருப்பாரு"ன்னு சொல்லிட்டு அவரு டீயை ஆத்திக்கிட்டிருந்தாரு. எனக்குத் திரும்பி அந்த வெறும் யார்டைப் பாக்கணும்னு தோணுச்சு, பாக்கல.

கேபிளை மாத்துனேன். மெமரியைக் கூட்டுனேன். அதே கேள்வியை என் லேப்டாப்புலேர்ந்து நூறு தடவை கேட்டேன், நூறு தடவையும் டக்குனு பதில் வந்துச்சு. மண்டை காஞ்சு போச்சு. கடைசியா, எந்தெந்த நாள்ல மெதுவாச்சுன்னு கம்ப்யூட்டரு தானே எழுதி வச்சிருந்த குறிப்பை எடுத்து, சுவத்துல தொங்குன காலண்டரோட ஒத்துப் பாத்தேன். ஒவ்வொரு தேதியிலயும் கறுப்பு வட்டம். ஒன்னு விடாம அமாவாசை.

எனக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை கெடையாது. ஆனா அன்னிக்கு லைட்டை அணைக்காமத்தான் படுத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த அமாவாசைக்கு விடியக்காலை நாலரை மணி பஸ்ஸைப் புடிச்சுப் போய் இறங்கிட்டேன். பூங்காவனம் அக்கா தலைக்குக் குளிச்சு, ஈர முடியை நுனியில முடிச்சுக்கிட்டு வந்தாங்க. கொண்டாந்த சோத்தைக் காம்பவுண்டு சுவர்மேல காக்காவுக்கு வச்சாங்க. கையைக் கழுவிட்டு உக்காந்தாங்க. கேட்ல ஒரு லாரி கூட வரல. ஆனா அந்தக்கா ஒரு நம்பரைத் தட்டுனாங்க, யாரோ ஜன்னல்ல நின்னு சொன்ன மாதிரி.

திரையில ஒரு ஆளு. படிய வாரின தலை, கொஞ்சம் சிரிச்ச மூஞ்சி. பேரு செல்லமுத்து. கீழ ஒரே ஒரு பதிவு. உள்ளே வந்தது ஆறு வருசம் முன்னாடி, விடியக்காலை அஞ்சு நாப்பது. வெளியே போன இடம் காலி.

"யாருக்கா இது?"

"இலக்கியா அப்பா"ன்னாங்க. இலக்கியா அவங்க மக, பெரம்பலூர்ல நர்சிங் படிக்குது.

செல்லமுத்து கல்லு இறக்க வரிசையில நின்னிருக்காரு. ஸ்டியரிங்ல சாஞ்சவரு எந்திரிக்கல. ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க. அப்புறந்தான் அக்காவுக்கு இந்த வேலை கெடைச்சிருக்கு.

"உள்ள போறப்ப விரல் வச்சாரு மேடம். வெளிய வர்றப்ப யாரு வைக்கிறது? அன்னிக்குக் காலைல போன் பண்ணி, 'வெளிய வந்துட்டுக் கூப்பிடுறேன் புள்ள'ன்னாரு. எல்லாரும் செத்துட்டாருங்கிறாங்க. நானுந்தான் பாடையில தூக்கிட்டுப் போனதைப் பாத்தேன். ஆனா இது மட்டும் அவரு இன்னும் வரலன்னு சொல்லுதே. அதான் அமாவாசைக்கு அமாவாசை வந்துட்டாரான்னு பாக்குறேன்."

நான் திரையில அந்தக் காலி இடத்தைத் திரும்பப் பாத்தேன். அடுத்த நிமிசமே கோளாறும் புரிஞ்சு போச்சு. வருசா வருசம் முடிஞ்ச பதிவையெல்லாம் எடுத்துப் பழைய கணக்குல போட்டுடுவாங்க. முடியாததால அந்த ஒத்தப் பதிவு மட்டும் இங்கயே நின்னுடுச்சு. அணைச்சுப் போட்டதும் கம்ப்யூட்டரு முதல்ல வர்ற கேள்வியை வச்சுத்தான் அன்னிக்கு எப்படித் தேடுறதுன்னு முடிவு பண்ணும். முதல்ல செல்லமுத்துவைக் கேட்டா, ஒத்தப் பதிவுதானேன்னு ஒவ்வொன்னா எடுக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் ஆயிரம் பதிவு இருக்கிற டிரைவரு வந்தாலும் ஒவ்வொன்னாத்தான் எடுக்கும். மூட்டைக் கத்திரிக்காயை ஒவ்வொரு காயா கையில தூக்கிட்டுப் போற மாதிரி. அன்னிக்குப் பூரா உயிரோட இருக்கிற அத்தனை பேரையும் அது செத்தவரைத் தேடுன வழியிலயே தேடிக்கிட்டிருந்திருக்கு.

ஒவ்வொரு கேள்விக்கும் புதுசா யோசின்னு ஒரு வரி சேத்தேன். சரியாப் போச்சு. லாரிங்க விறுவிறுன்னு நகந்துச்சு.

"மெஷினோட பழக்கம் சார். அந்தம்மா மேல தப்பே இல்ல"ன்னு அருள்முருகன்கிட்ட சொன்னேன்.

"சரி. அந்த 'உள்ளே ஒன்னு'ங்கிறதையும் காலி பண்ணிடுங்க. ஆடிட்டுக்கு வர்றாங்க. அந்தம்மா மூட விடாததாலதான் அது நிக்குதுன்னு வாட்ச்மேன் சொல்றான். அது போனாத்தான் அந்தம்மா இருக்கலாம்"னாரு.

கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நாலு வார்த்தை கேட்டுட்டேன். மனுசன் அசையல. விரல் இல்லாமலே அந்தப் பதிவை மூட என்னால முடியும், அக்காவுக்குத் தெரியாமலே முடியும். மனசு வரல. ஷிஃப்ட் முடியறப்ப போய்ச் சொன்னேன்.

அக்கா திரை மூலையில இருந்த எண்ணைப் பாத்தாங்க. அப்புறம் "பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்கு"ன்னாங்க. "நீங்க போடாதீங்க மேடம். நானே போடுறேன்."

அந்தப் பதிவைத் தொறந்து குடுத்தேன். வெளியே போன நேரம் என்னன்னு கம்ப்யூட்டரு கேட்டுச்சு. அன்னிக்கு ஆம்புலன்ஸ் போன நேரத்தைப் போடுவாங்கன்னு நெனச்சேன். அக்கா சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தாங்க. மத்தியானம் ரெண்டு மணி நாலு நிமிசம். அதைத்தான் போட்டாங்க.

"இப்பத்தானே போறாரு"ன்னாங்க.

யார்டுல நாப்பது வண்டி நின்னுச்சு. திரை மூலையில நாப்பத்தொன்னு நாப்பதாச்சு.

அக்கா பையிலேர்ந்து செல்போனை எடுத்து, சத்தம் வச்சிருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு, மேசைமேல வச்சாங்க. கையைக் கட்டிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்தாங்க.

ரெண்டரை பஸ்ஸு எனக்கு. எந்திரிச்சுப் போயிருக்கலாம். நானும் அந்தப் போனையே பாத்துக்கிட்டிருந்தேன்.