பிள்ளைகள் ஏறினால் நிற்கும் வேன்

மாம்புரியில் வாகன வயரிங் வேலைக்கு முப்பத்திரண்டு வருஷமாக ஒரே பெயர்தான்: செய்னுலாப்தீன் பாஸ். கைத்தொழில் தெரிந்தவரை அங்கே பாஸ் என்பார்கள். கற்பிட்டி வீதியில் எந்தப் பழைய வேனின் லைட் எரியாவிட்டாலும், எந்த லொறியின் ஹோர்ன் தானாக அலறினாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். வாகனம் வந்ததும் வராததுமாகப் பாஸ் சாமான் பெட்டியைத் திறந்துவிட மாட்டார். வயர்களை ஒருதரம் பார்த்து, நீளமாக மூச்சு விட்டு, "இதுல கடைசியா கை வெச்ச கழுத ஆரு?" என்று கேட்பார். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

வீதியோரமெல்லாம் கழுதைகள் மேயும் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாஸ் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதுமில்லை. முன்னால் செய்தவனை ஏசாமல் வேலையைத் தொடங்கினால் வாகனக்காரனுக்கு நம்பிக்கை வராது என்பது அவருடைய அனுபவம். வீட்டில் மீன் ஆணத்தில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டால், அவருடைய மனைவி உம்மு குல்சூம், "கடைசியா கை வெச்சது நான்தான், சாப்பிடுங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீதியோர அறையில் முபாரிஸ் என்பவன் இன்னொரு வயரிங் கடையைத் திறந்தான். தாய் தகப்பன் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். கரைத்தீவில் பிறந்து வளர்ந்து, மாம்புரியில் கலியாணம் முடித்து வந்தவன் அவன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அந்த அறையை நம்பித்தான் இருந்தார்கள். மீட்டரும் கையுமாக, வாய் திறக்காமல் வேலை செய்வான். யாரையும் கழுதை என்று சொல்லாததால் அவனுக்கு வேலை தெரியுமா என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்தது.

அந்தச் சந்தேகத்துக்கு ரஸாக்கின் ஸ்கூல் வேன் வழி செய்து கொடுத்தது. பழைய டீசல் வேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நடுவீதியில் அணைந்துவிடும். கால் மணித்தியாலம் சும்மா விட்டால், ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ரஸாக் மூன்று தடவை முபாரிஸிடம் கொண்டுபோனான். முபாரிஸ் பேட்டரி முனைகளைச் சுரண்டினான், ஃபியூஸ்களை மாற்றினான், சாவித் துவாரத்துக்குப் பின்னாலிருக்கும் சுவிட்சையே புதிதாகப் போட்டான். ஓட்டிப் பார்த்தால் வேன் தங்கமாக ஓடும். அடுத்த கிழமை மறுபடி நிற்கும்.

ரஸாக் பாஸிடம் வந்து அழுதான். பாஸ் வேனைத் திறக்கக்கூட இல்லை. வழக்கமான கேள்வியைக் கேட்டார். முபாரிஸ் என்று பதில் வந்தது. "அப்ப சரி" என்றார் பாஸ். அவ்வளவுதான். அந்த "அப்ப சரி" பின்னேர அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கச் சுற்றிவந்துவிட்டது. ஒரு மாதத்தில் முபாரிஸின் கடை வாசலில் நிற்க வாகனம் இல்லை.

பிறகு ஒருநாள் உச்சி வெயிலில் வேன் பதினாறு பிள்ளைகளோடு மிளகாய்த் தோட்டத்துக்கு முன்னால் நின்றது. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. பெற்றோர் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போய்ச் சத்தம் போட்டார்கள். இப்படி வேலை செய்கிறவனுக்கா பள்ளிவாசலின் அறை என்று கேட்டார்கள். தலைவர் அத்தாஉல்லா ஹாஜியார் நீதியான மனிதர். "தெரிஞ்ச ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார். தெரிந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவில்லை. பிழை முபாரிஸுடையது என்று பாஸ் சொன்னால், அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும்.

சனிக்கிழமை காலை வேன் பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்தது. பாஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எல்லாரும் முபாரிஸைப் பார்த்தார்கள். முபாரிஸ் நிலத்தைப் பார்த்தான்.

ஆனால் வேன் நிற்கவில்லை. ஒரு மணித்தியாலம் எஞ்சின் ஓடியது. பாஸ் வயர்களைப் பிடித்து உலுப்பினார், டேஷ்போர்டைத் தட்டினார், தானே தலவில ஊர் வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார். நிற்கவேயில்லை. பாஸுக்கு வியர்த்தது. கடைசியில், வேலைக்காரன் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"ரஸாக், இது எப்பெப்ப நிக்கிது?"

"பிள்ளைகள் ஏறினாத்தான் நிக்கிது நானா. தனிய ஓடினா நிக்கிறதே இல்ல." பாஸை அண்ணன் முறையில் "நானா" என்றுதான் ரஸாக் கூப்பிடுவான்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாஸ் சிரிக்கவில்லை. "அப்ப பிள்ளைகள ஏத்துங்க" என்றார்.

குர்ஆன் மத்ரஸாவிலிருந்து பதினாறு பிள்ளைகள் குதித்துக்கொண்டு வந்து ஏறினார்கள். டீசல் பம்பில் ஒரு சின்ன வால்வு உண்டு. அதற்குக் கரண்ட் போகும்வரைதான் எஞ்சின் ஓடும். பாஸ் அந்த வயரில் ஒரு சின்ன பல்பைக் கட்டி, முன் கண்ணாடியோரம் வைத்தார். பல்ப் அணைந்தால் கத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அதைவிட நல்ல வேலை அவர்களுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. முற்றத்தைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதும் பல்ப் அணைந்தது, வேன் நின்றது, "நிண்டுட்டு!" என்ற கூச்சல் கடற்கரை வரைக்கும் கேட்டது.

முற்றத்தில் நின்றவர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். பாஸ் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினார். பின்னால் இருந்தவர்கள் இறங்கினார்கள்; பல்ப் எரியவில்லை. முன் சீட்டில் இருந்த கொழுத்த பயல்கள் இரண்டு பேரும் இறங்கியதும் பளிச்சென்று எரிந்தது. அந்த வேனில் எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்குக் கீழே. பாஸ் சீட்டைத் தூக்கினார். சூட்டில் இறுகிப்போன கறுப்பு டேப் சுற்றிய ஒரு மூட்டு, பாரம் ஏறும்போதெல்லாம் சீட்டுக்குக் கீழே நசுங்கிக்கொண்டிருந்தது. டேப்பை வெட்டினார். உள்ளே வயரின்மேல் வலை பின்னுகிற நைலோன் நூலால் இறுக்கிப் போட்ட கட்டு. நூல் புதிதுபோல இருந்தது. உள்ளே செம்புக் கம்பிதான் உப்புக் காற்றில் பச்சை பூத்து, ஒரு மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாஸ் அந்தக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீன்பிடிக்காரரின் மகன் அவர். ஈயம் உருக்கி ஒட்டினால் ஆட்டத்தில் விட்டுப்போகும், நூல் கட்டினால் விடாது என்பது அவருடைய கொள்கை. பதினான்கு வருஷத்துக்கு முன் ரஸாக் இந்த வேனை வாங்கி வந்தபோது, இதே முற்றத்துக்கு வெளியே, மரத்தடியில் குந்தியிருந்து அந்தக் கட்டைப் போட்டது அவரேதான்.

அந்தக் கட்டை வெட்டி எடுத்து இடுப்புச் சாரத்து மடிப்பில் செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் அதை யோசித்தார்; கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தார். பிறகு எழும்பி நின்றார்.

"ஹாஜியார், இது முபாரிஸ்ட பிழ இல்ல. இது என்ட வேல. நான் போட்ட கட்டு."

ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா, இதுதான் பெரிய மனுசத்தனம்" என்றார் ஹாஜியார். "அடுத்தவன்ட பிழைய தன்ட தலையில போட்டுக்கிறாரு."

"நான் மெய்யாத்தான் சொல்றன்! இந்தா பாருங்க கட்ட!"

"நூல் கட்டு இந்த ஊர்ல ஆருக்குத்தான் தெரியாது, நானா?" என்றான் ரஸாக், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு.

முப்பத்திரண்டு வருஷமாக அவர் கழுதை என்றவனையெல்லாம் கழுதை என்று நம்பிய ஊர், தன்னையே அவர் சொன்னபோது நம்பவில்லை. பாஸ் மன்னித்தாலும் பிள்ளைகளின் உசிர் விஷயத்தில் நிர்வாகம் மன்னிக்க ஏலாது என்று ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். அறையை முபாரிஸிடமிருந்து எடுத்து, இப்படிப்பட்ட மனுசனுக்கே கொடுப்பது என்று எல்லாரும் ஒரே வாயில் சொன்னார்கள். பாஸ் மறுக்க மறுக்க அறைக் கதவின் திறப்பை அவருடைய கையில் திணித்தார்கள். மறுத்தது அவருடைய மதிப்பை இன்னும் கூட்டியது.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு பாஸ் அந்த அறைக்குப் போனார். முபாரிஸ் மீட்டரையும் வயர்ச் சுருள்களையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பாஸ் திறப்பை மேசையில் வைத்தார்.

"எல்லாத்தயும் திருப்பி வெளிய எடு மகன். ரூம் என்ட பேர்ல ஈக்கட்டும், வேலைய நீ செய். ஆரும் வந்து கேட்டா என்னோட கதைக்கச் சொல்லு."

முபாரிஸ் எதையும் அடுக்கவுமில்லை, வெளியே எடுக்கவுமில்லை. பாஸ் ஒரு பழைய பேட்டரியின்மேல் உட்கார்ந்தார். அவருடைய மனதை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது.

"மூணு தரம் பார்த்தியே. முன் சீட்டத் தூக்கிப் பார்க்கல்லயா?"

"தூக்கினன் பாஸ். அந்த மூட்டயும் கண்டன்."

"கண்டுட்டு ஏன்டா பிரிக்கல்ல?"

முபாரிஸ் கையிலிருந்த வயர்ச் சுருளைக் கீழே வைத்தான்.

"மேலால தடவினதும் உள்ளுக்கு நூல் ஈக்கிறது வெளங்கிச்சு. பாஸ்ட வேலதானே, இதுல பிழ வராது எண்டு நினச்சு, மத்த எல்லாத்தயும் பார்த்தன்."