ஏழாம் பாத்திச் சேறு

கழிவுநீர் நிலையத்தில் அவளுக்குச் சேத்தக்கா என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். பதினாறு வருஷமாக அவள் அதைப் பதக்கம் போலச் சுமக்கிறாள். ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிடும் சேற்றை ஒன்பது பாத்திகளில் காயவைத்து, கிளறி, சோதனைக்கு மாதிரி எடுப்பது அவள் வேலை.

காய்ந்த சேறு கீரை வயல்களுக்கு இலவச உரமாகப் போகும். மாதிரியை எல்லோரும் முதல் பாத்தியில்தான் அள்ளுவார்கள். கேட்டுக்குப் பக்கம், நடை மிச்சம். அதில் வீட்டுக் கழிவு மட்டும் வருவதால் ரிப்போர்ட்டும் சுத்தமாக இருக்கும். முலாம் பூசும் பட்டறைகளின் சாக்கடை விழுவது ஏழாவதில். இந்தத் தடவை சேத்தக்கா ஏழுக்கு நடந்தாள். ரிப்போர்ட்டில் துத்தநாகமும் காட்மியமும் எகிறியிருந்தன.

இஞ்சினியர் சிரித்தார். "எதுல அள்ளுன?"

"தகரச் சட்டியில, சார்."

"தகரத்து மேல பூசியிருக்கறதே துத்தநாகம்தான். சட்டியைச் சுரண்டி அனுப்பிட்டு சேத்து மேல பழியா? திங்கக்கிழமை லாரி வருது. போ, போ."

அவள் முகம் சுண்டிப்போனது. சட்டி அவள் தப்புதான்.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். உரப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

"மூணு மாசமா வரிசையில நிக்கிறேன், அண்ணி. உரத்தை நிறுத்தி என் வயித்துல அடிக்கத்தான் வேலைக்குப் போறீங்களா?"

"உன் கீரையைத்தானடி என் புள்ளைங்களும் தின்னுதுங்க!"

காட்மியத்துக்கு நாற்றம் இல்லை. கீரை வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் குடியேறிவிடும். இஞ்சினியர் வீட்டுக்குக் கீரை வேறு சந்தையிலிருந்து வந்தது.

மறுநாள் பிளாஸ்டிக் குவளையோடு இறங்கினாள். ஒன்பது பாத்தியிலும், பாத்திக்கு ஐந்து இடத்தில், அடி வரை தோண்டி அள்ளினாள். "நீங்களே நின்னு பாருங்க சார்" என்று இஞ்சினியரையும் வரப்பில் நிறுத்தினாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி, மாதிரி அடைத்த ஒவ்வொரு டப்பா மூடியிலும் அவர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை முடிவு வந்தது. எட்டுப் பாத்திகள் சுத்தம். ஏழாவதில் துத்தநாகம் பாதியாக இறங்கியிருந்தது. காட்மியம் இம்மியும் அசையவில்லை.

"பாதி என் தப்பு சார், ஒத்துக்கறேன். மீதி யாரோடது?"

திரும்பி வந்த டப்பா மூடியில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். பிறகு பட்டறைகளுக்கு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். ஏழாம் பாத்தி தார்ப்பாய்க்குள் போனது.

திங்கட்கிழமை முதல் லாரி நாத்தனார் வயலில் நின்றது. சேற்றை ஒரு கை அள்ளிப் பார்த்தாள்.

"இது எந்தப் பாத்தி அண்ணி? நம்பிப் போடலாமா?"

"மூணாவது. அடி வரைக்கும் நான் தோண்டிப் பார்த்தது" என்றாள் சேத்தக்கா. "போடு."