பாணி ஊற்றிய மலை

போர்த்துக்கலில் ஒரு மலை இருக்கிறது. அதே பெயரில் ஒரு சீஸும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் பிசகாமல் சொல்லத் தெரியாத ஒருவனால் ஒரு குடும்பமே அழிந்துபோகலாம் என்று பத்து வயதில் நான் முழுமனதாக நம்பினேன். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது; கடையில் சீஸ் அடுக்கைக் கண்டால் இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது.

பழி மாமாவுடையது. அம்மாவின் தம்பி. திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு வள்ளத்தில் மரக்கறி கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. பழுதுபார்க்க வந்து நின்ற கப்பலொன்றின் போர்த்துக்கீசக் கப்டன், கப்பலில் வேலைக்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் ஒருவர் தேவை என்று சொல்லியிருக்கிறார். மாமா வாயை விட்டுவிட்டார். அக்கா வீட்டில் எல்லாரும் ஆங்கிலம்தானாம். மருமகனுக்கு, அதாவது எனக்கு, கப்டனின் ஊர் மலையைப் பற்றி எல்லாம் தெரியுமாம். கப்டன் மகிழ்ந்துபோய், ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவதாகச் சொல்லி, அன்று காலையிலேயே துணி சுற்றிய வட்டச் சீஸ் ஒன்றையும் கொடுத்தனுப்பிவிட்டார். மாமாவைக் கூட்டிப்போவதா இல்லையா என்பது சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

"எங்கட கோயிலை இடிச்ச போர்த்துக்கீசன்ர சாமான் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அப்பா, கதிரையில் சாய்ந்தபடி. கதிரையும் அவர்கள் கொண்டுவந்த சாமான்தான் என்பதை அப்பாவுக்குச் சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை.

தாய் தகப்பன் போனபிறகு மாமாவுக்குச் சோறூட்டி வளர்த்தவர் அம்மாதான். கப்பல் கதை தொடங்கிய நாளிலிருந்தே, மாமா அந்தப் பேச்சை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார். சீஸை வாங்கி மணந்து பார்த்துவிட்டுக் குசினிக்குள் வைத்தார்.

"அக்கா, தயிர் எண்டு நினைச்சுப் பாணி கீணி ஊத்திப்போடாதைங்கோ. மேல்தோலை மட்டும் வெட்டித் திறந்து, அப்பிடியே வைக்கவேணும்."

"ஓம், விளங்குது."

பிறகு மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "டேய், வடிவாக் கேள். மலையைச் சொல்லேக்க முன்னுக்கு 'த' வேணும், த செர்ரா ட எஸ்ட்ரெலா. பின்னுக்கு மவுண்டன் போடாதை. செர்ரா எண்டாலே மலைதான். சீஸுக்குப் பின்னுக்குச் சீஸ் எண்டு வரவேணும். மலை உயரம், சீஸ் செம்மறிப் பால். மாறிச் சொன்னியோ, என்ர கப்பல் போச்சு."

"இங்கிலீசில சொல்லாமல் விட ஏலாதோ, மாமா?"

"ஏலாது."

மலை உயரம், சீஸ் பால். மலை உயரம், சீஸ் பால். கிணற்றடியில் சொன்னேன், கக்கூசில் சொன்னேன். படலை திறக்கும் சத்தம் கேட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

கப்டன் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நண்டுக்கறியைக் கண்ணீர் வழியச் சாப்பிட்டார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாயும் உள்ளே போகவில்லை.

அப்போது அம்மா சீஸைக் கொண்டுவந்தார்.

தயிர்ச் சட்டியில் கொண்டுவந்தார். தோலையெல்லாம் உரித்து, உள்ளிருந்ததை வழித்துச் சட்டிக்குள் போட்டு, அதன் தலையில் தித்திக்கும் கித்துள் பாணியைத் தாராளமாக ஊற்றியிருந்தார். கரும்பழுப்புப் பாணி நான்கு பக்கமும் வழிந்தது. மாமாவின் முகம் சுண்ணாம்பானது. மேசைக்குக் கீழே என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. சொல்லடா என்று அர்த்தம்.

எழும்பி நின்றேன். நெஞ்சை நிமிர்த்தி, உலகமே கேட்கும்படி ஆங்கிலத்தில் முழங்கினேன். ஐயா, செர்ரா ட எஸ்ட்ரெலா மிகவும் உயரமான சீஸ். அதன் உச்சியில் பனி பெய்யும். இந்த மலை செம்மறிப் பாலில் செய்தது. தயவுசெய்து மலையைப் பாண் துண்டோடு சாப்பிடுங்கள்.

கப்டன் என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். ஓடினால் படலைவரை போய்ச்சேர முடியுமா என்று நான் கணக்குப் போட்டேன். வேட்டைநாயைக் கண்ட முயலுக்குக்கூட என்னைவிட நிதானம் இருந்திருக்கும்.

அவர் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். மாமா எங்களுக்குச் சொன்னார்: "இவற்ற அம்மாவும் கரண்டியாலதானாம் குடுக்கிறவ. பாணிக்குப் பதிலாப் பூசணிக்காய்ப் பாகாம்."

அதன்பிறகு அந்த மனிதர் சட்டியை விடவில்லை. அடி தெரிய வழித்துவிட்டுச் சிரித்தார். உயரமான சீஸ் என்று என்னைக் காட்டிக்காட்டிச் சிரித்தார். மாமாவின் முதுகில் ஓங்கித் தட்டினார். நாளைக்குக் காலை சாமானோடு வரச்சொன்னார். அப்பாகூடச் சிரித்தார்.

வெற்றிச் செய்தியோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். மாமாவின் கப்பலைக் காப்பாற்றியது அம்மாவின் கைப்பிசகும் என் ஆங்கிலமும் அல்லவா? அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அலுமாரியைப் பார்த்தபடி நின்றார்.

"முழுக்கச் சாப்பிட்டவரோ?"

"ஓம் அம்மா! வழிச்சு நக்கினவர்! மாமாவை நாளைக்கே வரட்டாம்!"

அம்மா வெறும் சட்டியை வாங்கினார். அதன் அடியையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாணிக்குப் பதிலா நான் உப்பைப் போட்டிருக்கவேணும்" என்றார்.

பாணிக்கு உப்பா! அம்மாவுக்குச் சமையல் மறந்துபோச்சு என்று மாமாவிடம் சொல்லிச் சிரிக்க ஓடினேன்.