சாணிக்குள் தங்கம்

எங்கள் தங்கச் சுரங்க ஊரில் எதையாவது உடைத்து வெயிலில் திருப்பிப் பார்க்கிறவர்கள் தங்கத்தைத்தான் தேடுவார்கள். அதனால்தான் அத்தை தினமும் காலையில் எங்கள் வீட்டுப் பசுவின் சாணியைப் பிட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது நானும் பக்கத்தில் குந்தி உற்றுப் பார்த்தேன்.

மழை பொய்த்த கோடை. மாரிகுப்பத்து மேடெல்லாம் புல் கருகி, மண்தான் மிச்சம். காய்ச்சலில் அம்மாவுக்குப் பால் வற்றிவிட, கைக்குழந்தையாயிருந்த தம்பிக்குப் பாலாடைச் சங்கில் பசும்பால்தான். அதுவும் நாளுக்கு நாள் குறைந்து, தண்ணீராய் நீலம் பாரித்தது. தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அவனைத் தேற்றவே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள் அத்தை.

சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்த அப்பா சிரித்தார். "இன்னாக்கா, சாணியில ஷாப்டு எறக்கறியா?"

"ஆமாண்டா. நீ குழியில தேடறத நான் இதுல தேடறேன். இன்னும் கல்லாட்டமே கீது."

சாணியில் தங்கம் இருக்கிறதென்று நான் நம்பிவிட்டேன். சுரங்கத்து வாசலில் அப்பாவின் வாயைக்கூடத் திறந்து பார்க்கிற காவல்காரர்கள், பசுவின் வயிற்றை விட்டுவைப்பார்களா? "நானே மேய்ச்சுக்கினு வரேன்" என்று கயிற்றைப் பிடித்து, அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு, பூதிகோட்டைத் திக்கில் நடந்தேன்.

பாதி வழியில் ஓட்டுவது யார் என்பது மாறிப்போயிற்று. பசு மூக்கைத் தூக்கிக் காற்றைப் படித்தது. என்னை இழுத்துக்கொண்டு காய்ந்த ஓடையொன்றில் இறங்கியது. வேலமரங்கள். அடியில் முற்றி உதிர்ந்த காய்கள். முள்ளுக்கும் சருகுக்கும் நடுவே அந்த முரட்டு நாக்கு, அரிசியில் கல் பொறுக்கும் விரலைவிட நிதானமாய், காயை மட்டும் பொறுக்கியது. கடவாயில் விதைகள் கலகலத்தன. உலகமே செத்துக் கிடக்க, உயிர் ஒளிந்திருக்கும் இடத்தை இதற்கு யார் காட்டிக்கொடுத்தது? வெயில் மறந்து நின்றேன்.

நாள்தோறும் அங்கேயே போனோம். ஒரு காலை அத்தை கூவினாள். சாணி இளகி, மடிப்பு மடிப்பாய் விழுந்திருந்தது; உள்ளே பளபளவென்று விதைகள்.

"அடியே, தங்கண்டி இது! வேலங்கா தின்னுட்டு வந்துகீது. பாலு ஊறும், இனிமே புள்ள பொழச்சுக்கும்."

அன்று பால் நுரைத்தது. தம்பி குடித்துவிட்டு வயிறு நிறைந்து தூங்கினான். அம்மா பசுவின் கழுத்தில் முகம் புதைத்து விம்மினாள். பால் வந்த பிறகு எதற்கு அழுகை? எனக்கு விளங்கவில்லை, நின்று கேட்க நேரமும் இல்லை. கொல்லையில் குந்தி, கழுவிய விதைகளை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து, அத்தை சொன்ன தங்கம் எதில் இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தேன்.